நிழலுக்குச் சாயம் பூசுவோர்

மறைந்த முன்னோரின் கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியின் துணைகொண்டு வண்ணம் ஏற்றிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டுவதும், கைப்பேசி வழியே உறவினர்க்கெல்லாம் அனுப்பி மகிழ்வதும் இப்போது நம் குடும்பங்களில் ஒரு வழக்கமாகிவிட்டது. பெருநாள் வாழ்த்தோடு பாட்டனாரின் வண்ணப்படம் வருகிறது. திருமண அழைப்போடு பாட்டியாரின் வண்ணப்படம் வருகிறது. ‘உயிரோடு இருப்பது போலவே இருக்கிறார்கள், பாருங்கள்’ என்ற குறிப்பும் உடன் வருகிறது. இதனை அன்பின் செயல் என்றே பலரும் கருதுகின்றனர். அன்பின் செயல் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும் அது பொய்ச் சாட்சியமும் ஆகும் என்பதே நாம் ஈண்டு எடுத்துரைக்க விழைவது.

சொல் கடுமையாக இருக்கிறதே என்று அன்பர்கள் சினங்கொள்ள வேண்டா. பொய்ச் சாட்சியத்தை நம் மார்க்கம் எத்துணை அஞ்சத்தக்க குற்றமாக வைத்திருக்கிறது என்பதை அறிந்தே அச்சொல்லை ஆள்கிறோம். பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லி வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியம் என்ற இடம் வந்ததும் சாய்ந்திருந்த நிலையை விட்டு எழுந்தமர்ந்து அதனைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள் என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவில் ஓதியிருப்பார்கள். காணாததைக் கண்டேன் என்பது பொய்ச் சாட்சியம். கண்டது சிறிதாயினும் கண்ட அளவில் நிற்பது சாட்சியம். கருப்பு வெள்ளைப் படம் கண்ட அளவில் நிற்கும் சாட்சி. தான் நிறத்தைக் காணவில்லை என்பதைத் தன் முகத்திலேயே எழுதி வைத்திருக்கும் சாட்சி. அதன் வாயில் நாம் சொல்லைத் திணிப்பதற்கு யார் உரிமை தந்தார்?

இக்கலைக்குப் ‘புகைப்படம்’ என்னும் பெயர் வழங்கி வருகிறது. புகைக்கும் இதற்கும் யாதோர் உறவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ‘நிழற்படம்’ என்பதே பொருந்திய சொல். நாம் வாழும் திருத்தணி, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தமிழகத்தோடு இணையும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இன்றும் இங்குக் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். தெலுங்கர் இதனைச் ‘சாயாசித்திரம்’ என்பர். சாயை என்பதும் நிழலே. உருது பேசும் நம் சகோதரர்கள் ‘அக்ஸ்’ என்பர். கண்ணாடியிலும் நீரிலும் தோன்றும் பிரதிபிம்பத்துக்கும் அதுவே பெயர். மூன்று மொழியாரும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரே கருத்தைத் தொட்டிருக்கின்றனர்: இது தானாக விழுந்தது, ஒருவர் கற்பனையில் பிறந்ததன்று.

இந்தச் சொல்லாராய்ச்சி வீண்பொழுதன்று. ஒளிப்படம் ஆகுமா ஆகாதா என்று உலமாப் பெருமக்கள் வாதிட்ட காலத்தில் வழக்கு முழுவதும் இதன் மேல்தான் நின்றது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்-முதீஈ (ரஹ்) அவர்கள் இது குறித்துத் தனி நூலே இயற்றினார்கள். அன்னாரின் வாதம் சுருக்கமானது. விலக்கப்பட்ட உருவமைத்தல் என்பது இல்லாத ஓர் உருவை மனிதன் தானாக ஆக்குவது. கேமராக்காரர் எதனையும் ஆக்குவதில்லை. இறைவன் படைத்த உருவின் நிழலை ஓரிடத்தில் தடுத்து நிறுத்துகிறார், அவ்வளவே. ‘ஹப்ஸுழ் ழில்’, அதாவது நிழலைச் சிறைப்பிடித்தல், என்று அறிஞர்கள் இவ்வாதத்திற்குப் பெயரிட்டனர். இதனை ஏற்காத பெரியோரும் உளர். கருவி மாறினாலும் உருவம் உருவமே என்று தேவ்பந்து மரபின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் விரிவாக மறுத்து எழுதினார்கள். அவ்வழக்கை மீண்டும் திறப்பது நம் நோக்கமன்று.

ஆயினும் ஒன்றைக் கேட்கிறோம். ஆகும் என்றோர் எதனைக் காரணமாகக் காட்டினர்? மனிதன் தன் பங்காக எதனையும் சேர்க்கவில்லை என்பதையே காட்டினர். தீர்ப்பு அதன் காரணத்தோடு சுழலும் என்பது உஸூல் பாடத்தின் தொடக்க விதி. கணினி ஏற்றும் வண்ணம் எவருடைய நிழல்? அது எந்த வெயிலில் விழுந்தது? பாட்டனார் அன்று அணிந்திருந்த கோட்டிலிருந்து புறப்பட்ட ஒளிக்கும், இன்று திரையில் தோன்றும் பழுப்பு நிறத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது முழுக்க முழுக்க ஆக்கப்பட்டது. ஆகாது என்றோரின் தீர்ப்புப்படி அது எப்போதும் ஆகாது. ஆகும் என்றோரின் காரணப்படியும் அதற்கு இப்போது இடமில்லை. இரு சாராரின் நிழலுக்கும் வெளியே வெயிலில் நிற்கிறது அது.

அல்-ஃபுர்கான் அத்தியாயத்தில் இறைவன் நிழலை நீட்டியதையும், அவன் நாடினால் அதனை அசையாது நிறுத்தியிருப்பான் என்பதையும் கூறும் வசனம் ஒன்று உண்டு. அது கேமராவைக் குறிக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. சந்தைக்கு வரும் ஒவ்வொரு புதுக்கருவியையும் திருமறைக்குள் தேடுவோர் வேறு ஒரு கூட்டத்தார். அவர்களோடு நமக்கு வேறொரு நாள் வழக்கு இருக்கிறது. அசையாது நின்ற நிழல் ஓர் அற்புதம் என்ற உணர்வாவது ஓதுவோர்க்கு வரவேண்டும் என்றுதான் குறிப்பிட்டோம். பதினோராம் நூற்றாண்டில், இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளி எதிர்ச்சுவரில் எவ்வாறு விழுகிறது என்று நுணுகி ஆராய்ந்த பஸராவின் மைந்தர் இப்னுல் ஹைஸம் அவர்களுக்கு அவ்வுணர்வு இருந்தது. 1861இல் மதீனாவையும், 1880இல் மக்காவையும் படமெடுத்த எகிப்தியப் படைப் பொறியாளர் முஹம்மது சாதிக் அவர்களுக்கும் இருந்தது. இன்று நமக்குக் கிடைக்கும் ஹரமைனின் மிகப் பழைய படங்கள் அன்னாருடையவையே. அவற்றில் வண்ணம் இல்லை. பார்ப்போர்க்குக் குறை ஒன்றும் தெரிவதில்லை.

இனி அந்தச் சாம்பல் நிறத்தின் அருமையைச் சிறிது சொல்ல வேண்டும். இக்காலத்துப் பிள்ளைகள், வண்ணம் இல்லாமையே கருப்பு வெள்ளை என்று எண்ணுகின்றனர். கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொட்டால் வண்ணம் போய்விடும், அதுவே கலை என்றும் எண்ணுகின்றனர். கருப்பும் வெள்ளையும் பெயருக்குத்தான். உண்மையில் அது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நூறு சாம்பல்களின் கலை. அதிலும் நம் நாட்டில், நம் சமுதாயத்தில், அது பெருஞ்சோதனை. தலையில் வெள்ளைத் தொப்பி, உடலில் வெள்ளைச் சட்டை, இடையில் வெள்ளை வேட்டி, நடுவே வெயிலில் காய்ந்த கருத்த முகம். முகத்திற்கு ஒளியளந்தால் சட்டை வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். சட்டைக்கு அளந்தால் முகம் மைக்குழம்பாகிவிடும். பெண்டிர் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி வந்து அமர்ந்தால் அதன் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிய வேண்டும், முகமும் தெளிய வேண்டும். இதனைச் செய்து முடித்த ஸ்டுடியோக்காரர்களில் பலர் பள்ளிப்படிப்பு முடித்தவர்கள்கூட அல்லர். வடக்குநோக்கிய கூரைக் கண்ணாடியையும், ஒரு வெள்ளைத் துணியையும், தம் கண்ணையும் நம்பியே செய்தனர்.

எடுத்த பின்னரும் சோதனை தீர்வதில்லை. படம் கழுவும் மருந்துநீர் ஃபாரன்ஹீட் கணக்கில் 68 பாகை அளவில் இருக்க வேண்டும் என்பது புட்டியின் மேல் அச்சிட்ட விதி. சித்திரை வைகாசியில் இவ்வடிவாரத்து ஊர்களின் வெப்பம் அனைவரும் அறிந்ததே. சூடு மிகுந்தால் ஃபிலிமின் மேலுள்ள ஜெலட்டின் இளகி உரிந்துவிடும். எனவே ஐஸ் கட்டியைத் தட்டின் கீழ் இட்டு, கதவடைத்த அறையில் சிவப்பு விளக்கின் கீழ் வியர்வை சொட்டச் சொட்ட நின்று கழுவ வேண்டும். பின்னர் ஹைப்போவில் இட்டு நிலைநிறுத்த வேண்டும். பின்னர் அந்த ஹைப்போ போகும்வரை நீரில் அலச வேண்டும். தண்ணீருக்குக் குடம் வரிசையில் நிற்கும் ஊரில் இது சிறு செலவன்று. அலசுவதில் கஞ்சத்தனம் செய்தவருடைய படங்கள் பின்னாளில் மஞ்சள் பூத்தன. அலசியவருடையவை அறுபது எழுபது ஆண்டு கடந்தும் அப்படியே இருக்கின்றன. நம் வீட்டுப் பெட்டியில் நிறம் மாறாமல் ஒரு படம் இருக்குமாயின், பெயர் தெரியாத ஒருவர் நமக்காக நீரைத் தாராளமாகச் செலவிட்டார் என்பது பொருள்.

அக்காலத்து ஃபிலிமும் காகிதமும் பெரும்பாலும் கடல் கடந்தே வந்தன. 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகையின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்னும் பெயரில் அவற்றை நம் நாட்டிலேயே செய்து தந்தது. அத்தொழிற்சாலையும் நலிந்து மூடப்பட்டது. கோடாக் நிறுவனம் 2005இல் கருப்பு வெள்ளைக் காகிதம் செய்வதையே நிறுத்திக்கொண்டது. ஆக, நம் பெட்டியில் இருப்பவை இனி எளிதில் செய்ய இயலாதவை.

நிறம் ஏற்றுவோர் கூறும் முதல் வாதத்திற்கு வருவோம். ‘கணினி ஊகித்துச் சொல்லவில்லை, கணக்கிட்டுச் சொல்கிறது’ என்பர். கணக்கிட எதுவும் மிச்சமில்லை என்பதே உண்மை. ஒரே அளவு ஒளியைத் தரும் பச்சையும் சிவப்பும் நீலமும் படத்தில் ஒரே சாம்பலாக வந்து விழும். பத்துப் பேர் ஒரே வாயிலில் நுழைந்த பின், வாயிலைப் பார்த்து அவர்கள் எந்தெந்த ஊரினர் என்று சொல்ல இயலுமா? போதாததற்கு, பழைய தகடுகளுக்கும் ஃபிலிம்களுக்கும் எல்லா நிறமும் ஒன்றுபோல் தெரிந்ததுமில்லை. தொடக்க காலத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தது 1906இல்தான். அதன் பின்னரும் பல ஸ்டுடியோக்களில் சிவப்பை உணராத வகையே நெடுங்காலம் புழங்கியது. அதில் நீலம் வெளுத்துவிடும், செந்நிறம் கருத்துவிடும். செக்கச் செவேலென்ற மணப்பட்டு கருப்பாகப் பதிந்திருக்கும். அதனைக் கணினி என்ன செய்கிறது? கருநீலமாக்குகிறது, அல்லது கருப்பாகவே விட்டுவிடுகிறது. மணநாளில் சிவப்பு உடுத்திய பாட்டியார், பேரர்கள் கண்ணுக்குத் துக்க உடையில் மணமேடை ஏறியவராகிறார்.

எங்கள் ஊரினர்க்கு இதற்கொரு சான்று கண்முன் இருக்கிறது. டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த ஊர் திருத்தணி என்பதை நாடறியும். ஆசிரியர் நாள் வந்தால் தெருவெங்கும் அவர் படம். முன்னெல்லாம் ஒரே கருப்பு வெள்ளைப் படத்தையே எல்லாப் பள்ளிகளும் மாட்டின. வெள்ளைத் தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி, கழுத்துவரை பொத்தானிட்ட நீண்ட கோட்டு. இப்போது ஃபிளெக்ஸ் பேனர்களில் அதே படத்தைப் பார்க்கிறோம். ஒரு தெருவில் கோட்டு பழுப்பு, அடுத்த தெருவில் நீலம், மூன்றாவதில் சந்தன நிறம். ஒரே நொடியில் ஒரே உடம்பின் மேல் மூன்று கோட்டுகள் இருந்திருக்க முடியாது. இரண்டு பொய் என்பது உறுதி, மூன்றும் பொய்யாக இருத்தல் பெரிதும் கூடும். ஒரு மனிதரைப் பற்றி மூன்று சாட்சிகள் மூன்று விதமாகச் சொன்னால் காஜியார் மூவரையும் அல்லவா வெளியே அனுப்புவார்? சாம்பல் கோட்டு அணிந்த பழைய சாட்சி மட்டும் கூண்டில் நிமிர்ந்து நிற்கிறது.

கோட்டின் நிறம் போகட்டும் என்பீர். தோலின் நிறத்தை எப்படிப் போக விடுவது? இந்தச் செயலிகள் நம் முன்னோரின் முகத்தைத் தொடும்போது அநேகமாக வெளுக்கவே செய்கின்றன. வெயிலில் நின்று தோல் வாங்கி விற்று, வட்டியின்றி வாழ்ந்து, கருத்துச் சுருங்கி மறைந்தவரை, ரோஜா நிறக் கன்னத்தோடு காட்டுகின்றன. அர்-ரூம் அத்தியாயம் மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அந்தச் சான்றை அழித்துவிட்டு ‘பாட்டனார் எவ்வளவு அழகு!’ என்று வியப்பதில் பாட்டனாருக்கு என்ன மரியாதை? அவர் இருந்தபடி இருந்தது நமக்குப் போதவில்லை என்பதல்லவா அதன் பொருள்?

இரண்டாம் வாதம் சற்று வலியது. ‘பழைய ஸ்டுடியோக்காரரும் கைவண்ணம் தீட்டவில்லையா? நெகட்டிவின் மேல் பென்சிலால் தீற்றிச் சுருக்கங்களை மறைக்கவில்லையா?’ என்று கேட்பர். செய்தனர். சுருக்கத்தை மறைத்தது தத்லீஸ்தான். சரக்கின் குறையை மூடி விற்கும் வணிகனின் செயலுக்கு ஃபிக்ஹில் அதுவே பெயர். அவர்களை நாம் தப்பவிடவில்லை. கைவண்ணம் தீட்டியது அவ்வாறன்று. தீட்டிய படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது தூரிகை வேலை என்று சிறுபிள்ளையும் அறியும். கன்னத்தில் வட்டமாக ஒரு சிவப்பு, சேலைக் கரையில் ஒரு பொன்வரி. அதனை உண்மை என்று ஒருவரும் மயங்கவில்லை. 1957இல் வந்த ‘மாயாபஜார்’ தெலுங்குப் படத்தை 2010இல் வண்ணமாக்கி வெளியிட்டனர். எல்லையோர ஊர்களான எங்கள் பக்கத்தில் அப்படத்தை இரு மொழியிலும் பார்த்தவர் அநேகர். மார்க்கஸ் பார்ட்லி கருப்பு வெள்ளையில் பிடித்த நிலவொளிக்கு வேறு வண்ணம் எதற்கு என்பது நம் கட்சி. எனினும் அவர்கள் ‘இது வண்ணமேற்றியது’ என்று பறைசாற்றியே சீட்டு விற்றனர். ஏமாற்று இல்லை. இன்றைய குடும்பப் படத்திலோ அறிவிப்பும் இல்லை, தூரிகைத் தடமும் இல்லை. இருபது ஆண்டு கழித்து அதனைக் காண்போர் அன்று எடுத்த வண்ணப்படம் என்றே நம்புவர்.

ஹதீஸ் கலையில் இதற்கு மிகச் சரியான பெயர் உண்டு: இத்ராஜ். அறிவிப்பாளர் தம் சொல் ஒன்றை நபிமொழியின் வாசகத்தோடு, பிரிவு தெரியாமல், சேர்த்துவிடுவது. அவ்வாறு சேர்ந்ததை முத்ரஜ் என்பர். அல்-கதீப் அல்-பக்தாதீ (ரஹ்) அவர்கள் இவற்றைப் பிரித்துக் காட்டவே தனி நூல் செய்தார்கள். ஒளூ பற்றிய ஒரு ஹதீஸில், ஒளூவை முழுமையாகச் செய்யுமாறு கூறும் முற்பகுதி அபூஹுரைரா (ரலி) அவர்களின் சொல் என்றும், குதிகால்கள் பற்றிய எச்சரிக்கையே நபிமொழி என்றும் அவர்கள் பிரித்தார்கள். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சேர்ந்த சொல் பொய்யா? இல்லை. தீயதா? இல்லை. சொன்னவர் உயர்ந்த ஸஹாபி, சொன்னது நல்லறிவுரை. இருந்தும் பிரித்தார்கள். நல்லதைச் சேர்ப்பதற்கும் உரிமை இல்லை என்று அவ்வளவு விழிப்பாக இருந்தோரின் வழிவந்தோம் என்று மேடையில் பெருமை பேசிவிட்டு, வீட்டிற்கு வந்து, யாரோ ஒரு கணினி நிபுணர் யாருடைய முகங்களையோ காட்டிப் பழக்கிய இயந்திரத்தின் ஊகத்தைப் பாட்டனார் முகத்தில் ஒட்டிவிடுகிறோம்!

நாம் வண்ணத்திற்குப் பகைவர் அல்லர். சாட்சி இருந்தால் வண்ணம் வரட்டும். ரஷ்யாவைச் சேர்ந்த புரோகூதின்-கோர்ஸ்கி என்பார் 1911இல் புகாராவின் அமீர் ஆலிம் கானைப் படமெடுத்தார். நீலப்பட்டு அங்கியில், இடையில் வாளோடு அமர்ந்திருக்கும் அப்படத்தின் வண்ணம் மெய்யான வண்ணம். எப்படி? சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கண்ணாடிகளின் வழியே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கருப்பு வெள்ளைப் பதிவுகள் அவர் எடுத்தார். ஒவ்வொரு பதிவும் தான் கண்ட ஒரு நிறத்திற்கு மட்டும் சான்று சொன்னது. மூன்று சாட்சியங்களையும் ஒன்று சேர்த்தால் அமீரின் அங்கி அன்றிருந்த நிறத்தில் எழுகிறது. வண்ணத்திற்கும் கருப்பு வெள்ளையே சாட்சி சொன்னது பாருங்கள். நம் பாட்டனாருக்கு இருப்பது ஒரே பதிவு. ஒரு சாட்சி சொன்னதை மூவர் சொன்னதாக எழுதிக்கொள்ள எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

‘உலகம் வண்ணமாகத்தானே இருந்தது, கருப்பு வெள்ளைதான் பொய்’ என்று கெட்டிக்காரத்தனமாகச் சொல்வாரும் உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டுக் கேள்விகள் கேட்கப்பட்டு, அவற்றுள் முப்பத்திரண்டுக்கு அன்னார் ‘அறியேன்’ என்று விடையளித்ததாக வரலாறு கூறும். கேள்விக்கு விடை இருந்தது உண்மை. இமாம் அதனைச் சொல்லாததால் பொய்யர் ஆகிவிட்டாரா? கருப்பு வெள்ளைப் படம் ‘அறியேன்’ என்று சொல்லத் தெரிந்த படம்.

எல்லாவற்றிலும் கொடுமை முகத்தில் நடப்பதன்று, முதுகில் நடப்பது. வடஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளிலும் தென்கோடிக் கடற்கரை ஊர்களிலும் நம் பழைய குடும்பங்களில் படத்தின் பின்புறம் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. இன்னார், இன்னாரின் மகன், இன்ன ஊரில், ஹிஜ்ரி இன்ன ஆண்டு. பல வேளைகளில் அது அரபுத்தமிழில் இருக்கும். பக்கத்தில் ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை இருக்கும். ரங்கூனா, பினாங்கா, கொழும்பா, சென்னையா என்பதை அம்முத்திரை சொல்லும். முன்புறம் மத்ன் என்றால் பின்புறம் இஸ்னாத். படம் எடுப்பதே ஆகாதென்று வாழ்நாள் முழுதும் விலகி நின்ற பெரியோர் பலர், ஹஜ்ஜுக்குச் செல்லும் பயணச்சீட்டுக்காக ஒரே ஒருமுறை கேமராவின் முன் அமர்ந்தனர். இவ்வூர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையில்தான் சென்னையிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறிப் போய், அங்கிருந்து கப்பலேறினர். 1995இல் நின்றுபோனது அக்கப்பற்பயணம். அப்படிப்பட்ட ஒருவரின் ஒரே படத்தைக் கடைக்குக் கொண்டுபோகின்றனர். கடைக்காரர் முன்புறத்தை மட்டும் ஸ்கேன் செய்கிறார். வண்ணமேற்றிப் பெரிதாக்கித் தருகிறார். மூலத்தைக் கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்? ‘கிழிந்ததுதானே, இருக்கட்டும்’ என்று விட்டுவந்தோரை நாம் அறிவோம். பின்புறத்து அரபுத்தமிழைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இல்லை. ஆகவே அது எழுத்தாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. மத்னைத் திரித்தாயிற்று, இஸ்னாதைக் குப்பையில் இட்டாயிற்று. இனி அந்தப் படம் யார்?

இது வெறும் குடும்ப விளையாட்டு என்று கருதுவோர் கம்போடியாவில் நடந்ததை அறிய வேண்டும். அங்கு 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியினர் இலட்சக்கணக்கானோரைக் கொன்றனர். சாம் முஸ்லிம்கள் அவ்வாட்சியில் பட்ட துயர் எழுத்தில் அடங்காது. தலைநகரின் துவோல் சிலெங் சிறையில், கொல்லப்படவிருந்தோரை வரிசையாகக் கருப்பு வெள்ளையில் படமெடுத்து வைத்திருந்தனர். 2021 ஏப்ரலில் அயர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் அப்படங்களில் சிலவற்றிற்கு வண்ணமேற்ற, ‘வைஸ்’ என்னும் இதழ் அவற்றை வெளியிட்டது. வண்ணமேற்றியதோடு நிற்கவில்லை. மூலப்படத்தில் இறுகியிருந்த உதடுகள் சிலவற்றில் புன்னகை முளைத்திருந்தது! கம்போடிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் கண்டித்தது, உறவினர்கள் கொதித்தனர், இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வண்ணத்தில் தொடங்கிய கை புன்னகையில் போய் நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? அதே ஆண்டில் ‘மைஹெரிட்டேஜ்’ நிறுவனம், மறைந்தோரின் படத்தில் கண்ணைச் சிமிட்டவும் தலையைத் திருப்பவும் வைக்கும் ஒரு கருவியை வெளியிட்டது. மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் அதன் உடலில் கண்டதை வெளியே சொல்லலாகாது என்று ஒழுங்கு வகுத்த சமுதாயம், மய்யித்தைச் சிரிக்க வைத்துக் கைகொட்டுகிறது.

மறுபுறத்தில் இன்னொரு சாரார் இருக்கின்றனர். புதிதாகப் பேணுதல் வந்த ஆர்வத்தில், வீட்டிலிருந்த பழைய படங்களையெல்லாம் திரட்டித் தீயிலிட்டோர். தம் மனச்சான்றின்படி நடந்த அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. கூடத்துச் சுவரில் மாட்டத் தயங்குவது வேறு, பெட்டிக்குள் ஆவணமாக வைத்திருப்பது வேறு என்பதையும், எரித்தது தம் சொத்தை மட்டுமன்று, தம் உடன்பிறந்தோர் பிள்ளைகளின் நினைவையும் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கலாம். எனினும் ஒன்று சொல்வோம். எரித்தவர் சாட்சியை மௌனமாக்கினார். சாயம் பூசியவர் சாட்சியைப் பொய் பேச வைத்தார்.

தமிழகத்தின் பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, நெகட்டிவ் பெட்டிகள் பழைய பொருள் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும் வேளையில், புதுச்சேரி ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அவற்றைத் தேடித் திரட்டிக் கணினியில் பதிந்து வைத்தனர். சாம்பலைச் சாம்பலாகவே பதிந்தனர். அயலார் நம் முகங்களுக்குக் காட்டிய அந்த மரியாதையை, ஒவ்வொரு மஹல்லாவிலும் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர் ஒரு விடுமுறையில் காட்டலாம். வீட்டில் அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது. படத்தின் இருபுறமும் பதிய வேண்டும். மூலத்தைத் திரும்ப வாங்காமல் கடையை விட்டு நகரக் கூடாது. பேரப்பிள்ளைகளின் ஆசைக்காக வண்ணமேற்றித்தான் தீர வேண்டுமாயின், அந்தப் படியின் மேலேயே ‘வண்ணம் பின்னர் ஏற்றியது’ என்று ஆண்டோடு அச்சிட வேண்டும். மூலத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தால் பெயரையும் ஊரையும் ஆண்டையும், சொன்னவர் பெயரையும் சேர்த்து, மென்மையான பென்சிலால் எழுதுக. பந்துமுனைப் பேனா வேண்டா. அழுத்தினால் முகத்தில் தழும்பு விழும், மையும் நாளடைவில் முன்புறம் ஊறும்.